யாரும் தொடாத காலிங்பெல்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். மோட்டார் எரிந்தது, சப்ஸ்டேஷனில் புகை வந்தது என்று பெரிதாக எதையாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு காலிங்பெல்லைப் பற்றி. அதுவும் ஓய்வுபெற்ற பிறகு செய்த வேலை. "ஏன்க்கா, இவ்ளோ வருஷ சர்வீஸ்ல எழுதறதுக்கு ஒரு பெல்லுதான் கெடச்சுதா?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம், அதுதான் கிடைத்தது. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் வெளியில் சொல்ல மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழப்பழுவூர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எல்லாரும் என் உயிரை வாங்கிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதப்போவதில்லை. படித்தேன், தேறினேன், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அப்ரண்டிசாகச் சேர்ந்தேன், அங்கேயே நிரந்தரமானேன். அவ்வளவுதான்.

எழுத வேண்டியது எங்கள் ஃபோர்மேன் ராமலிங்கம் சாரைப் பற்றி. ஆலை இரைச்சலில் நாங்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவோம். அவர் மட்டும் கத்த மாட்டார். கிட்டே வந்து காதோரமாக மெதுவாகச் சொல்வார். அதனாலேயே அவர் வாயைத் திறந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர் பக்கம் போவோம். ஒரு பேனலைத் திறந்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "கைய பின்னாடி கட்டு." இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எது கருகியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்து அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிற வரைக்கும் கை முன்னால் வரக் கூடாது. வந்தால் திட்ட மாட்டார், பேனல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. டெஸ்ட் லேம்ப்பை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேலை செய்யப்போகிற இடத்தில் வைக்க வேண்டும். அங்கே எரியவில்லை என்றால் உடனே கையை நீட்டிவிடக் கூடாது. மறுபடி கரண்ட் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். "நடுவுல லேம்ப்பே பீஸ் போயிருந்தா? எரியலன்னு நம்பி நீ கைய வச்சுடுவியே" என்பார். இன்றைக்கும் என் வீட்டு மிக்ஸி பிளக்கைக்கூட நான் அப்படித்தான் பார்க்கிறேன். என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் சிமெண்ட் மில்லை ரிப்பேருக்கு நிறுத்தியிருந்தோம். மில் என்றால் படுத்துக் கிடக்கிற பெரிய இரும்பு உருளை. ஓடும்போது உள்ளே இரும்புக் குண்டுகள் உருண்டு கல்லை மாவாக்கும். நிறுத்தியிருக்கும்போது பக்கத்தில் இருக்கிற ஓட்டை வழியாக ஆட்கள் உள்ளே போய்த் தேய்ந்த தகடுகளை மாற்றுவார்கள். உள்ளே கும்மிருட்டு, வெக்கை, சுற்றிலும் இரும்பு. அதனால் உள்ளே இருபத்துநான்கு வோல்ட் கைவிளக்கு மட்டும்தான் போக வேண்டும். அன்றைக்கு அந்த விளக்குக்கான டிரான்ஸ்ஃபார்மர் படுத்துவிட்டது. உற்பத்தி மேலாளர் வந்து, "சாதா லைட்டப் போட்டு முடிங்கப்பா, கொஞ்ச நேர வேலைதானே" என்றார். சாதா லைட் என்றால் வீட்டுக் கரண்ட், இருநூற்று முப்பது வோல்ட்.

ராமலிங்கம் சார் ஒரு ஸ்டூலை இழுத்து அந்த ஓட்டைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "உள்ள போறவனுக்கு வேர்க்கும் சார். ஈரக் கை படுற எடத்துக்கு இருபத்தி நாலுக்கு மேல ஒரு வோல்ட்டு போவாது" என்றார். மேலாளர் குதித்தார். "யார்கிட்ட பேசுறீங்கன்னு தெரியுதா?" என்று எகிறினார். சார் அதே குரலில் ஏதோ பதில் சொன்னார். அது கேட்காமல் மேலாளர் குனிந்து அவர் வாய்ப்பக்கம் காதை வைக்க வேண்டியதாயிற்று. நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அடுத்த மில்லிலிருந்து வேறு டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேரும் வரை சார் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஆட்கள் உள்ளே போனார்கள்.

இனி பெல்லுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஆரோக்கியமேரி டீச்சர் இருக்கிறார். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் சேவியர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். டீச்சருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய்க் கடைசியில் சுத்தமாகக் கேட்காமலே ஆகிவிட்டது. காதில் மாட்டுகிற மெஷின் மண்டைக்குள் இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மற்றபடி சமையல், தையல், தோட்டம், கோயில் எல்லாம் தானேதான்.

ஒரு நாள் சேவியர், அம்மா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று எப்போதும்போல் வீடியோ கால் செய்திருக்கிறான். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. டீச்சர் பின்கட்டில் தையல் மெஷினில் இருந்தார். மறுபடி மறுபடி அடித்துப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருக்கிறான். அவர்கள் கேட்டில் நின்று கூப்பிட்டார்கள், கேட்டை ஆட்டினார்கள், கடைசியில் நாலு ஆம்பளைகள் சேர்ந்து முன்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தால் எதிரில் நாலு பேர். "டீச்சர், உசுரோட இருக்கீங்களா?" என்று ஒருவன் கேட்டானாம். "செத்திருந்தா யாருடா ஒனக்குப் பதில் சொல்றது?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

தெருவே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு வந்தார், கண் சிவந்திருந்தது.

"பாக்கியம், சேவியர் வீட்டப் பூட்டிட்டு என்னை அழச்சிட்டுப் போறேங்குறான். பெங்களூர்ல எட்டாவது மாடி. அங்க போயி நான் என்ன பண்ணுவேன், சுவத்தப் பார்த்துட்டு உக்காந்துருக்கவா? சண்ட போட்டேன். கடசில ஒரு பேச்சுக்கு வந்தான். அடுத்த மாசம் வர்றப்ப வாசல்ல நின்னு பெல் அடிப்பானாம். நான் தானா வந்து கதவத் தொறந்தா இங்கயே இருக்கலாம். தொறக்கலன்னா கெளம்பிடணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று உதட்டை அசைத்துக் கேட்டேன்.

"சரின்னுட்டேன். என் வாசல் பெல்லு என் கண்ணுக்குக் கேக்குற மாதிரி செஞ்சு குடு."

கண்ணுக்குக் கேட்கிற மாதிரி! ஆலையில் எத்தனையோ வேலை உத்தரவு பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதித் தந்ததில்லை. செய்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதற்குள் சேவியரே ஒரு பெல் வாங்கி கூரியரில் அனுப்பியிருந்தான். கேமரா வைத்த பெல், அழுத்தினால் போனுக்குப் படம் போகும். வீடியோ காலில் வந்து, "பாக்கியம் ஆன்ட்டி, ரொம்ப ஈசி. பழைய பெல் சுவிட்ச கழட்டிட்டு அதே ரெண்டு வயர இதுல மாட்டிடுங்க. வீடியோல அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறாங்க" என்றான். நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். அதிகபட்சம் இருபத்துநான்கு வோல்ட் என்று போட்டிருந்தது. அந்த வீடியோ எடுத்த ஊரில் பெல் வயரில் அவ்வளவுதான் ஓடும். நம் ஊரில் பெல் சுவிட்சுக்கு வீட்டுக் கரண்ட் அப்படியே வருகிறது. மாட்டியிருந்தால் படம் போயிருக்காது, புகைதான் போயிருக்கும்.

சொன்னதும் பையன் உடனே புரிந்துகொண்டான். வீம்பு பிடிக்கவில்லை, அதற்கு அவனை மெச்ச வேண்டும். டீச்சரும் கேமரா வேண்டாம் என்றுவிட்டார். "வந்தவங்க மூஞ்சிய நான் கதவத் தொறந்து பார்த்துக்குறேன்" என்றார். அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தீப்பெட்டி அளவில் ஒரு வைஃபை டப்பாவை அவனே தேடிப் பிடித்து அனுப்பினான். ஒரு சுவிட்ச் தட்டினால் அந்தச் சேதியைப் போனுக்கும் கைக்கடிகாரத்துக்கும் கொண்டுபோகிற டப்பா. சேதி வந்தால் கையில் அதிர்கிற கடிகாரம் ஒன்றையும் டீச்சருக்காகக் கூடவே அனுப்பியிருந்தான்.

வேலையை ஆரம்பிக்கும் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். பெல் சுவிட்ச் முன்கதவுக்குப் பக்கத்தில், சாரல் அடிக்கிற சுவரில் இருந்தது. மழையில் நனைந்து வருகிறவர் தொடுகிற இடத்தில் வீட்டுக் கரண்ட். ராமலிங்கம் சார் பார்த்திருந்தால் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் காரியமாக அந்தச் சுவிட்சுக்குப் போன இருநூற்று முப்பதைத் துண்டித்தேன். வீட்டுக்குள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, வெளியே பன்னிரண்டு வோல்ட் மட்டும் போகும்படி செய்தேன். அதைத் தண்ணீரில் முக்கிப் பிடித்தாலும் ஒன்றும் செய்யாது.

அடுத்து ஒரு ரிலே. அதுவும் ஒரு டப்பாதான். ஒரு பக்கம் அந்தப் பன்னிரண்டு வோல்ட் வந்தால், மறுபக்கம் தனித்தனியாக மூன்று சுவிட்சுகளை ஒரே நேரத்தில் தட்டிவிடும். முதல் சுவிட்சை சேவியர் அனுப்பிய வைஃபை டப்பாவுக்குக் கொடுத்தேன். இரண்டாவதை விளக்குகளுக்குக் கொடுத்தேன். நெட் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் படுத்துக்கொள்ளும், கைக்கடிகாரத்தை டீச்சர் பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்துவிடுவார். வயரில் போகிற விளக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. டீச்சர் அடுப்பில் நிற்கும்போது கண் எங்கே போகிறது, தையல் மெஷினில் எங்கே போகிறது என்று உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பார்த்து, அந்தந்த இடத்துக்கு நேரே சுவரில் சிவப்பு விளக்கு வைத்தேன். எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் சேர்த்தேன்.

மூன்றாவது சுவிட்சை அந்தப் பழைய டிங்-டாங் பெல்லுக்கே கொடுத்தேன். டீச்சர் கேட்டார், "எனக்குத்தான் கேக்காதே, அது எதுக்கு?"

"அது ஒங்களுக்கு இல்ல டீச்சர். வெளில நிக்கிறவங்களுக்கு. சத்தம் வரலன்னா பெல்லு வேல செய்யலன்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க."

அழுத்திப் பார்த்தோம். பெல் அடித்தது, அடுப்படியில் சிவப்பு மின்னியது, டீச்சரின் கடிகாரம் அதிர்ந்தது, பெங்களூரில் சேவியரின் போனும் அதிர்ந்தது. டீச்சர் குழந்தை மாதிரி கை தட்டினார். நான் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். டீச்சர் முகம் தொங்கிப்போயிருந்தது. "ஒருதரம்கூட மின்னல பாக்கியம். நேத்து பால்காரி பாலக்கூட வெளியவே வச்சுட்டுப் போயிருக்கா, பூன கவுத்துடுச்சு." எனக்குச் சுருக்கென்றது. ரிலேயைப் பார்த்தேன், சரி. வயரைப் பார்த்தேன், சரி. நான் போய் அழுத்தினேன், வீடே மின்னியது. பிறகு எங்கேதான் கோளாறு?

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பேப்பர் போடுகிறவர் வந்தார், கேட்டைத் தாண்டி எறிந்துவிட்டுப் போனார். கீரைக்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சரம்மோவ்" என்று இரண்டு குரல் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பால்காரி செல்லம்மா மொபெட்டில் வந்து கேட் கொண்டியை லொடலொடவென்று ஆட்டினாள், பாலை உள்ளே வைத்தாள், கிளம்பினாள். ஒருத்தர்கூட பெல் இருக்கிற திசையில் திரும்பவில்லை. கேட்டுக்கு உள்ளே, படியேறிப் போய் அழுத்த வேண்டிய பெல்லை யார் அழுத்துவார்கள்? நம் ஊரில் கேட்டில் நின்று குரல் கொடுப்பதுதானே பழக்கம்!

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நான் செல்லம்மாவை மறித்தேன்.

"ஏன்டி, பெல்ல அடிக்க மாட்டியா? டீச்சருக்குக் காது கேக்காதுன்னு தெரியும்ல?"

"அய்யய்யோ, அதயா? நான் தொட மாட்டேன்க்கா! மழைல ஒருவாட்டி தொட்டு, பால் கேனோட தூக்கி அடிச்சிருச்சு. அன்னக்கிலேருந்து அதுகிட்டயே போறதுல்ல. எங்க தெருப் புள்ளைவோகூட போவாது."

விஷயம் விளங்கிவிட்டது. டீச்சருக்குக் காது நன்றாக இருந்த காலத்தில் அந்தச் சுவிட்ச் ஷாக் அடித்திருக்கிறது. தெருவே அதைத் தொடுவதை விட்டுவிட்டது. கூப்பிட்டால் டீச்சர் வந்துவிடுவார் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. காது போன பிறகும் தெரு அந்த பெல் பக்கம் திரும்பவே இல்லை. வயரில் இருந்த ஷாக்கை நான் எடுத்துவிட்டேன், இவர்கள் மனதில் இருந்ததை எந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டு இறக்குவது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேவியர் வருவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அவன் அழுத்தினால் டீச்சர் கதவைத் திறந்துவிடுவார்தான். ஆனால் அவன் போன பிறகு யார் அழுத்துவார்கள்? மறுபடி நாலு பேர் கதவை உடைப்பார்களா?

அன்றைக்கே பழைய சுவிட்சைப் பிடுங்கி எறிந்தேன். கேட்டுத் தூணில், கொண்டியை ஆட்டுகிற கை போகிற இடத்திலேயே, பச்சைக் கலரில் பெரிய பொத்தான் வைத்தேன். மறுநாள் காலை செல்லம்மாவும் கீரைக்காரம்மாவும் இருக்கிற நேரமாகப் பார்த்து ஒரு குடம் தண்ணீரை அந்தப் பொத்தான் மேல் ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்று, ஈரக் கையை முழுதாக வைத்து அழுத்தினேன்.

"பாத்தியா? ஒண்ணும் செய்யல."

"ஒங்கள எப்புடிக்கா செய்யும்? நீங்க கரண்ட்காரங்க" என்றாள் செல்லம்மா.

"கரண்ட்டுக்கு ஆளு அடையாளம் தெரியுமாடி? ரேஷன் கார்டு பார்த்தா அடிக்குது?"

கீரைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கிட்டே வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது வாசல் கதவு திறந்தது. நான் அழுத்தியதில் அடுப்படியில் மின்னியிருக்கிறது, டீச்சர் மாவுக் கையோடு வெளியே வந்துவிட்டார். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கணக்குப் போட்டுவிட்டார். கணக்கு டீச்சர் இல்லையா? நேரே கேட்டுக்கு வந்து, குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரில் கையை நனைத்து, பொத்தானை அழுத்தியபடி செல்லம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கரண்ட்காரி இல்லடி செல்லம்மா. நீ கூப்புடுறது எனக்குக் கேக்கல. இத அழுத்துனாத்தான் எனக்குத் தெரியும். நீங்கல்லாம் இதத் தொடலன்னா நான் இந்த ஊர விட்டே போவணும்."

செல்லம்மா மொபெட்டை ஸ்டாண்டு போட்டாள். "மாதாவே" என்றாள், அவள் கோயிலுக்குப் போகிறவள்கூட இல்லை. ஒரு விரல் நுனியால் தொட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். அப்புறம் அழுத்தினாள், உள்ளே டிங்-டாங் அடித்தது. "அட!" என்று இன்னொரு தரம் அழுத்தினாள். கீரைக்காரம்மாவும் வந்து அழுத்தினார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டு ஓடின. டீச்சர் அத்தனை தடவையும் எழுந்து வந்து கதவைத் திறந்தார். திட்டவே இல்லை.

சேவியர் வந்த அன்றைக்குக் காலையிலிருந்து மழை. டீச்சர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஹால் ஜன்னலோரம் உட்காரவைத்து, "நீ வாயத் தொறக்கக் கூடாது, என்னை வந்து தொடவும் கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். ஆட்டோ வந்து நின்றது. பையன் பையோடு இறங்கினான். கேட்டில் நின்றான். நின்று, "அம்மா! அம்மோவ்!" என்று கத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெல்லை அடிக்கிறேன் என்று சொன்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி கத்துகிறான்! கொண்டியை ஆட்டினான், மறுபடி கத்தினான். அடுப்படியில் டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பையன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

அந்த நேரம் செல்லம்மாவின் மொபெட் வந்தது. "தம்பி, டீச்சருக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா? பெல்ல அடிப்பா!"

"மழையா இருக்குக்கா... அது ஷாக்கு..." என்று அவன் இழுத்தான். அவனும் அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைதானே.

"அதெல்லாம் அப்போ" என்று சொல்லி, வண்டியிலிருந்து இறங்காமலே எட்டி, சொட்டச் சொட்ட நனைந்த கையால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள். சிவப்பு மின்னியது. டீச்சர் அடுப்பைக் குறைத்துவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க் கதவைத் திறந்தார்.

பையன் உள்ளே வந்தான், தலையைத் துவட்டினான், என்னிடம் நலம் விசாரித்தான். ஆனால் முகத்தில் இன்னும் ஒரு யோசனை இருந்தது. டீச்சர் மறுபடி அடுப்படிக்குப் போனதும், குடைகூட எடுக்காமல் பூனை மாதிரி வெளியே நழுவினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுத் தூணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். விரலை நீட்டினான், தயங்கினான், பிறகு அழுத்தினான்.

அடுப்படியிலிருந்து டீச்சரின் குரல் வீடு அதிரக் கேட்டது.

"சேவியர்! வாசல்ல யாரோ வந்துருக்காங்க, யாருன்னு பாருடா!"

அவன் நகரவில்லை, மழையில் அப்படியே நின்றான். பதில் வராததால் டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு தானே வந்து கதவைத் திறந்தார். மகனைப் பார்த்தார். "நீயாடா? உள்ள இருந்தவன் வெளில என்னடா பண்ற?"

அவன் படியேறி அவருக்கு நேர் எதிரே வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அம்மா. நீ இங்கயே இரு."

"நான் எப்படா போறேன்னு சொன்னேன்?" என்றார் டீச்சர்.